ஐந்து சென் உதைத்த கதை: ஒரு சின்ன லைப்ரரிக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் என் மாமாவுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கால்குலேட்டர் தட்டிக்கொண்டிருந்தவருக்குப் பில் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பினாங்கில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவரும் அதே மாதிரி கேட்கவே, கணக்குப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து பைத்தான் மொழியில் ஒரு லைப்ரரியாக, அதாவது வேறு புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தொகுப்பாக, வைத்தேன். டெஸ்ட், அதாவது நம் நிரல் சரியான பதில் தருகிறதா என்று சோதிக்கும் சின்ன நிரல், எழுத வேண்டும் என்ற நினைப்பெல்லாம் அப்போது கிடையாது, ஓடுகிறதே, போதாதா என்றுதான் இருந்தேன். ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் மாமா கூப்பிட்டார். "தம்பி, கல்லாவில இருக்கிற காசும் உன் மிஷின் சொல்ற காசும் ஒத்து வரலையே. அஞ்சு சென்தானேன்னு விட முடியாது லா, ஒரு நாளைக்கு எத்தனை பில் போடுறேன் தெரியுமா?"

விஷயம் இதுதான். ஒரு சென் நாணயத்தைக் கைவிட்டபோது மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த ரவுண்டிங் முறை 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ரொக்கமாக வாங்கும் மொத்தத் தொகை 1, 2, 6, 7 என்று முடிந்தால் கீழே இறங்கும், 3, 4, 8, 9 என்று முடிந்தால் மேலே ஏறும். 8 ரிங்கிட் 22 சென் என்றால் 8.20, அதுவே 8.23 என்றால் 8.25. இது மொத்தத்துக்கு மட்டும்தான், சாமான் சாமானாக இல்லை. நான் சாமான் சாமானாகச் செய்து வைத்திருந்தேன். அன்றைக்கு உதைத்த பில்லில் பருப்பு 4.33, கடுகு 1.28, புளி 2.63. மூன்றையும் கூட்டினால் 8.24, ரவுண்ட் செய்தால் 8.25. தனித்தனியாக ரவுண்ட் செய்து கூட்டினால் 4.35, 1.30, 2.65, ஆக 8.30. மாமா பழக்கதோஷத்தில் மனக்கணக்காகவே கூட்டி 8.25 வாங்கிப் போட்டிருக்கிறார், மிஷின் 8.30 என்று எழுதி வைத்திருக்கிறது.

அந்த பில்தான் என் முதல் டெஸ்ட். நீங்களும் அப்படியே தொடங்குங்கள் என்பேன். டெஸ்ட் எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் பாதிக்கு மேல் இரண்டும் மூன்றும் ஐந்து என்று ஆரம்பிக்கும், அதைப் படித்து முடிக்கும்போது நம்முடைய லைப்ரரியில் எதைத் தொடுவது என்று ஒன்றும் விளங்காது. ஏற்கெனவே உங்களை ஒரு தடவை கடித்தது எது என்று யோசித்தால் முதல் டெஸ்ட் கையில் வந்துவிடும். கடித்ததே இல்லையா? அப்போது லைப்ரரியின் விளக்கக் கோப்பைத் திறந்து, பயன்படுத்துகிறவருக்கு நீங்கள் என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வாக்குக்கு ஒரு டெஸ்ட். உள்ளே எந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது என்பதையெல்லாம் டெஸ்டில் கட்டிப்போட வேண்டாம், நாளைக்கு உள்ளே சுத்தம் செய்யும்போது ஒன்றும் கெடாமலேயே இருபது டெஸ்ட் சிவப்பாகி (தோற்றால் சிவப்பு, தேறினால் பச்சை) உங்களைத்தான் திட்ட வைக்கும்.

எங்கே வைப்பது

பைத்தானோடு கூடவே யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் ஓட்டும் கருவி வருகிறது, அதுவே போதும் என்பவர்களும் உண்டு. நான் தனியாக நிறுவும் பைடெஸ்ட் என்ற கருவியின் பக்கம். காரணம் ஒன்றுதான், அசெர்ட் (இது உண்மையாக இருக்க வேண்டும்) என்று ஒரு வரி எழுதினால் போதும், தோற்றால் இந்தப் பக்கம் 830, அந்தப் பக்கம் 825 என்று இரண்டு மதிப்பையும் அதுவே காட்டிவிடும். நிறுவுவது ஒரு வரி வேலை, அதைச் சொல்லி நேரத்தைப் போக்க வேண்டாம்.

ஆனால் ஃபோல்டர் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லைப்ரரியின் நிரலை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள்ளும் டெஸ்ட்களை அதற்கு வெளியே தனி ஃபோல்டரிலும் வையுங்கள். அப்படி வைக்காவிட்டால் பைத்தான் பக்கத்தில் கிடக்கும் நிரலை எடுத்து ஓட்டும், நிறுவிய லைப்ரரியை இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். வரி விகிதங்களை ஒரு சின்ன தரவுக் கோப்பில் வைத்திருந்தேன், அதை லைப்ரரியோடு சேர்த்துப் பொட்டலம் கட்ட மறந்துவிட்டேன். என் கணினியில் எல்லா டெஸ்டும் பச்சை, பினாங்கில் நிறுவிய அன்றே கோப்பைக் காணோம் என்று படுத்துவிட்டது. எடிட்டபிள் முறையில் நிறுவி ஓட்டினாலும் இந்த ஓட்டை தெரியாது, அதுவும் உங்கள் ஃபோல்டரையேதான் சுட்டிக்கொண்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது எடிட்டபிள் வசதிதான், மறுக்கவில்லை. வெளியிடும் முன் ஒரு தடவையாவது பொட்டலம் கட்டி, புதிய சூழலில் முழுதாக நிறுவி அங்கே டெஸ்டை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, இது என் சொந்த ஆசை. பைத்தான் 3 வந்ததிலிருந்து ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். டெஸ்ட் என்று தொடங்கும் ஃபங்ஷன்களைத்தான் பைடெஸ்ட் பொறுக்கும், ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சோதனை என்று தொடங்குவதையும் பொறுக்கும். என் டெஸ்ட்களின் பெயர் இப்படித்தான் இருக்கும்: சோதனை_மொத்தத்தை_மட்டும்_ரவுண்ட்_செய்யும். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும், பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் தோற்றபோது என்ன தோற்றது என்று தேடவே வேண்டாம். எந்த மொழியில் வைத்தாலும் சரி, பெயர் ஒரு வாக்கியமாக இருக்கட்டும். சோதனை_1, சோதனை_2 என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

முதலில் சிவப்பு

டெஸ்டுக்குள் மூன்று வேலைதான். பொருளைத் தயார் செய், ஃபங்ஷனைக் கூப்பிடு, வந்த பதிலை ஒப்பிடு. பருப்பு, கடுகு, புளி மூன்றையும் ஒரு பட்டியலில் போட்டு, பில் ஃபங்ஷனிடம் கொடுத்து, 825 சென் வருகிறதா என்று அசெர்ட். நான்கு வரி. நிரலைத் திருத்துவதற்கு முன்னாலேயே இதை எழுதி ஓட்டினேன். சிவப்பு. 830 வந்தது என்று காட்டியது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் ஃபங்ஷனைத் திருத்தினேன், பச்சையானது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். திருத்திவிட்டு டெஸ்ட் எழுதினால் அது பிறந்ததிலிருந்தே பச்சை, அது உண்மையிலேயே எதையாவது பார்க்கிறதா, சும்மா தலையாட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? என்னிடம் ஒரு கோப்பு முழுக்க டெஸ்ட்கள் இருந்தன, வாரக்கணக்கில் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை, எனக்குப் பெருமை வேறு. பிறகுதான் பார்த்தேன், கோப்பின் பெயரை பைடெஸ்ட் எதிர்பார்க்கும் மாதிரி வைக்காததால் அது அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. ஒரு டெஸ்டுமே கிடைக்காவிட்டால் பைடெஸ்ட் 5 என்ற வெளியேறு எண்ணைக் கொடுத்துக் குறை சொல்லும். ஆனால் மற்ற கோப்புகளில் பதினொன்று கிடைத்துவிட்டதே, அதனால் சத்தமே இல்லை. புதிதாக ஒன்று எழுதினால் கீழே வரும் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு ஆனதா என்று பாருங்கள். ஏற்கெனவே சரியாக ஓடும் நிரலுக்கு டெஸ்ட் எழுதுகிறீர்கள் என்றால் வேண்டுமென்றே நிரலைக் கெடுத்துச் சிவப்பாகிறதா என்று பார்த்துவிட்டு, பழையபடி மாற்றுங்கள்.

எப்படிக் கெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் உருப்படியான விஷயம் இதுதான். என் ரவுண்டிங் சூத்திரம் ஒரே வரி: தொகையைச் சென் கணக்கில் முழு எண்ணாக எடு, 2 கூட்டு, 5 ஆல் வகுத்து மீதியை விடு, திரும்ப 5 ஆல் பெருக்கு. (சென் என்பதற்கு இரண்டாம் வேற்றுமை போட்டால் ஊர் பெயர் வந்துவிடுகிறது, அதனால்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறேன்.) 824-க்கு 2 கூட்டி 826, 5 ஆல் வகுத்தால் 165, பெருக்கினால் 825. சரி. இப்போது அந்த 2-ஐ 3 ஆக்கிப் பாருங்கள். 827, 165, 825. பச்சை! 1 ஆக்குங்கள், அப்போதும் பச்சை. 4, 5 எது போட்டாலும் பச்சைதான். அதாவது மாமாவின் பில் மட்டும் டெஸ்டாக இருந்தால், 1 முதல் 5 வரை எந்த எண்ணை எழுதியிருந்தாலும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

2-க்குப் பதில் 3 இருந்தால் மாட்டிக்கொள்ளும் இடம் 2 சென்: அது 0 ஆக வேண்டும், 5 ஆகிவிடும். 2-க்குப் பதில் 1 இருந்தால் மாட்டும் இடம் 3 சென்: 5 ஆக வேண்டியது 0 ஆகிவிடும். கீழே போவதும் மேலே போவதும் பிரியும் அந்த ஓரத்தில்தான் பிழை குடியிருக்கிறது. எந்த லைப்ரரியிலும் இப்படிப்பட்ட ஓரங்களை முதலில் தேடுங்கள், நடுவில் இருக்கும் வசதியான எண்களால் பிரயோஜனம் குறைவு.

இங்கே ஓரங்களைத் தேடக்கூட வேண்டாம், கடைசி இலக்கம் பத்தே பத்துதான். 0 முதல் 9 வரை பத்தையும் போட்டுவிடலாம். பத்து ஃபங்ஷன் எழுத வேண்டியதில்லை, பைடெஸ்டில் பாராமெட்ரைஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. உள்ளே போவது, வெளியே வர வேண்டியது என்று ஜோடி ஜோடியாக ஒரு அட்டவணை கொடுத்தால் ஒரே ஃபங்ஷனைப் பத்து தடவை ஓட்டும், தோற்றால் எந்த ஜோடி என்று காட்டும். ஒரு எச்சரிக்கை. வெளியே வர வேண்டிய மதிப்பைக் கையால் எழுதுங்கள், விதியைப் பார்த்து. சோம்பல்பட்டு டெஸ்டுக்குள்ளும் அதே சூத்திரத்தை எழுதி ஒப்பிட்டால், சூத்திரம் தப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து தப்பாகி, கைகோத்துக்கொண்டு பச்சை காட்டும். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

காசைத் தசமத்தில் வைக்காதீர்கள்

முழு எண் சென் என்று சொன்னேனே, அதற்கு ஒரு கதை. முதலில் ரிங்கிட்டைத் தசம எண்ணாக வாங்கி, 100 ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கிக்கொண்டிருந்தேன். பைத்தானில் 4.35-ஐ 100 ஆல் பெருக்கிப் பாருங்கள், 435 வராது, 434.99999999999994 வரும். கணினி தசமத்தை இரும எண்ணாக, அதாவது 0, 1 இரண்டை மட்டும் கொண்டு, வைத்திருப்பதால் வரும் வினை இது, பைத்தானுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. முழு எண்ணாக்கினால் 434. ஆனால் டெஸ்ட் என்னவோ பச்சை! 434 ரவுண்ட் ஆகி 435 ஆகிவிடுகிறதே, ஒரு தப்பை இன்னொரு ஃபங்ஷன் மூடி மறைத்துவிட்டது. 0.58-க்கு வந்தபோதுதான் மாட்டியது. 100 ஆல் பெருக்கினால் 57.99999999999999, முழு எண்ணாக்கினால் 57, ரவுண்ட் செய்தால் 55. 58 சென் 60 ஆக வேண்டும். ஒரே தப்பு, 4.35-இல் ஒளிந்துகொள்கிறது, 0.58-இல் ஐந்து சென் கேட்கிறது. இந்த இரண்டையும் அப்படியே டெஸ்டாக வைத்துக்கொள்ளுங்கள், பணம் தொடும் எந்த லைப்ரரிக்கும் உதவும்.

இப்போது என் ஃபங்ஷன் தசம எண்ணை வாங்கவே வாங்காது, கொடுத்தால் பிழை எறியும். பிழை எறிவதும் ஒரு வாக்குதான், அதற்கும் டெஸ்ட் வேண்டும். பைடெஸ்டில் ரெய்சஸ் என்ற வசதி, இந்த இடத்தில் இந்த வகைப் பிழை வந்தாக வேண்டும் என்று சொல்கிறது. பிழைச் செய்தியில் இருக்க வேண்டிய ஒரு சொல்லையும் கூடக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எதிர்பார்த்த பிழை வராமல், வேறு ஏதோ காரணத்துக்கு அதே வகைப் பிழை வந்து, அதுவும் பச்சை ஆகிவிடும். வெறும் பட்டியல், பூஜ்யத் தொகை, எண்ணுக்குப் பதில் எழுத்து, இவற்றுக்கும் ஒவ்வொன்று போட்டுவிட்டு நகருங்கள்.

கடிகாரம்

நேரம் கலந்த டெஸ்ட்தான் தலைவலி. ரசீது எண் அன்றைய தேதியில் தொடங்கும். லைப்ரரி கோலாலம்பூர் நேரத்தைப் பார்த்துத் தேதி போடும், டெஸ்டோ கணினியின் தேதியைக் கேட்டு ஒப்பிடும். என் மடிக்கணினியில் இரண்டும் ஒன்று. ஒரு நாள் இரவு ஒரு மணிக்குக் நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்துக்கு அனுப்பினேன், அங்கே தானாக ஓடிய டெஸ்ட் சிவப்பு. என்ன ஏது என்று புரியாமல் தூங்கப் போய்விட்டேன், காலை பத்து மணிக்கு ஒரு எழுத்துகூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பச்சை. பேய் இல்லை. கிட்ஹப்பின் கணினிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறிவிடும், அங்கே நம் காலை எட்டு மணி வரை நேற்றுதான்.

வழி எளிது. ஃபங்ஷன் உள்ளே இருந்துகொண்டு இப்போது மணி என்ன என்று தானே கேட்கக் கூடாது, நேரத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றும் கொடுக்காவிட்டால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கட்டும். பிறகு டெஸ்டில் நமக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கலாம். நான் வைத்திருக்கும் நேரம் 2024 மார்ச் 1, நள்ளிரவு 12.30. சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 ஆன நாள் அது. சாப்பாடு, பானங்கள், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து போன்றவை மட்டும் 6-லேயே நின்றன. பினாங்கு விடுதியில் அறைக்கு 8, சமையலறைக்கு 6. அந்த 12.30-க்கு உலகப் பொது நேரம் இன்னும் பிப்ரவரி 29, மாலை 4.30. நேரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அறைக்கு 6 வரும், மாட்டிக்கொள்ளும். நெட்டாண்டு நாள், வரி மாறும் நாள், எட்டு மணி நேர வித்தியாசம் எல்லாம் ஒரே டெஸ்டில். இப்படி ஒரு தேதி வாய்ப்பது அபூர்வம்.

கோப்பு, இணையம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பு எழுதும் டெஸ்டுக்கு பைடெஸ்டே தற்காலிக ஃபோல்டர் ஒன்று கொடுக்கும், அதில் எழுதுங்கள், வீட்டு ஃபோல்டரில் குப்பை போடாதீர்கள். இணையத்துக்குப் போகும் டெஸ்ட் வேண்டவே வேண்டாம், வந்த பதிலை ஒரு தடவை சேமித்து அதை வைத்து ஓட்டுங்கள்.

எண்களைத் தானே தேடும் டெஸ்ட்

நாம் யோசிக்கும் எண்கள் நம் புத்தி போகும் தூரம்தான் போகும். ஹைப்பாதிசிஸ் என்று ஒரு லைப்ரரி இருக்கிறது, அதற்கு உதாரணம் கொடுக்க வேண்டாம், எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய குணத்தைச் சொன்னால் போதும், எண்களை அதுவே இஷ்டத்துக்குப் போட்டுப் பார்க்கும். ரவுண்டிங்குக்கு என்ன குணம்? பதில் 5 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். பதிலுக்கும் தொகைக்கும் வித்தியாசம் 2 சென்னுக்கு மேல் போகக் கூடாது. ரவுண்ட் செய்ததை இன்னொரு தடவை ரவுண்ட் செய்தால் மாறக் கூடாது.

மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் சூத்திரத்தில் 2-ஐ 1 ஆக்கிக் கெடுத்துப் பாருங்கள். முதல் குணமும் மூன்றாவதும் பச்சையாகவே நிற்கும், இரண்டாவது மட்டும்தான் பிடிக்கும். ஆக, குணம் எழுதினாலும் கெடுத்துப் பார்க்கும் வேலை தப்பாது. இதில் எனக்குப் பிடித்தது, தோற்கும் எண் பெரிதாகக் கிடைத்தாலும் அதை அப்படியே காட்டாமல் சுருக்கிச் சுருக்கி, தோற்கும் மிகச் சின்ன எண்ணைத் தேடிக் கொடுக்கும். அந்த எண்ணை எடுத்து உங்கள் கை அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

நிரலில் எத்தனை சதவீதத்தை டெஸ்ட் தொட்டது என்று காட்டும் கவரேஜ் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. என் ஒரு வரி சூத்திரத்துக்கு மாமாவின் பில் ஒன்றே நூறு சதவீதம் காட்டியது, 2-ஐ 5 ஆக்கினாலும் அதே நூறு. எந்த வரியைத் தொடவே இல்லை என்று தெரிந்துகொள்ள அது நல்லது, தொட்ட வரி சரியா என்பது அதற்குத் தெரியாது. பழைய நிரலுக்கு டெஸ்ட் எழுதப் போகும்போது எங்கே இருட்டாக இருக்கிறது என்று பார்க்க மட்டும் நான் அதை ஓட்டுகிறேன்.

அடுத்தவர் லைப்ரரியில் சேர்க்கும்போது

திறந்த மூல (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) லைப்ரரி ஒன்றுக்குக் கைகொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு டெஸ்ட் நல்ல வாசல், உள்ளே இருக்கும் நிரலை முழுதாகப் புரிந்துகொள்ளாமலேயே ஆரம்பிக்கலாம். இறக்கியதும் முதலில் அவர்களுடைய டெஸ்ட்களை அப்படியே ஓட்டுங்கள். நீங்கள் ஒன்றும் தொடாமலேயே சில சிவப்பாக இருக்கலாம், அதைக் குறித்து வையுங்கள், பிறகு பழி உங்கள் மேல் வராது. அவர்கள் யூனிட்டெஸ்டில் எழுதியிருந்தால் நீங்களும் யூனிட்டெஸ்டில்தான், பைடெஸ்ட் நல்லது என்று பிரசங்கம் செய்ய அது இடமில்லை.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓபன் தமிழ் மாதிரி லைப்ரரிகளில் நம்மால்தான் நல்ல உதாரணம் கொடுக்க முடியும். தமிழ் என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறிகள். க்ஷ நமக்கு ஒன்று, அங்கே மூன்று. கொ என்பதில் க-வுக்குப் பின் வருவதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று பதில் வரும். தமிழ்ச் சொல்லை வாங்கும் எந்த லைப்ரரியாக இருந்தாலும் இந்த மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பாராமெட்ரைஸ் அட்டவணையில் தமிழ்ச் சொல் போட்டால் பைடெஸ்ட் அதைக் குறி எண்களாக மாற்றி நீளமாகக் காட்டும். தமிழாகவே காட்டச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு, அதன் பெயரிலேயே சமூக ஆதரவுக்கான உரிமைகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று இருக்கும், விளையாட்டில்லை, உண்மையான பெயர்.

புல் ரிக்வெஸ்ட், அதாவது உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் விண்ணப்பம், சின்னதாக இருக்கட்டும். டெஸ்டும் திருத்தமும் இருந்தால் இரண்டு கமிட் (பதிவு செய்த மாற்றம்), டெஸ்ட் முன்னால், திருத்தம் பின்னால். பார்க்கிறவர் முதல் கமிட்டை மட்டும் ஓட்டிச் சிவப்பைத் தன் கண்ணால் பார்த்துக்கொள்வார், நீங்கள் விளக்கம் எழுதும் வேலை பாதி மிச்சம். போகிற போக்கில் இடைவெளி, காற்புள்ளி எல்லாம் திருத்தி அதையும் சேர்த்து அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் தானாக ஓடும்படி வைப்பது இனிமேல் கஷ்டமில்லை, கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒரு சின்னக் கோப்பு. நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் பைத்தான் பதிப்புகளில் மிகப் பழையதும் மிகப் புதியதும் கட்டாயம் இருக்கட்டும். விண்டோஸையும் சேருங்கள், மாமா கடையில் இருப்பது அதுதான். விண்டோஸில் பைத்தானுக்கு வேண்டிய நேர மண்டலப் பட்டியல் கூடவே வராது, டிசெட்டேட்டா என்ற பொதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். என் கணினியில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

திருப்பிக் கொடுக்கும் காசு

டெஸ்ட் பெயர்களைத் தமிழில் வைத்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை மாமாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார், 1 கீழே, 2 கீழே, 3 மேலே, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் கேட்டார், "சரி, சாமானைத் திருப்பிக் கொண்டு வந்தா?"

நான் யோசிக்கவே இல்லை. 8.23 பில்லுக்கு 8.25 வாங்கியிருக்கிறோம், ஆள் திரும்பி வந்தால் 8.25 கொடுக்க வேண்டும். கணக்கில் அது கழித்தல் 823. மைனஸ் 1 முதல் மைனஸ் 9 வரை அட்டவணையில் ஒன்பது வரி சேர்த்தேன், பைத்தானில் ஒன்பதும் பச்சை. பைத்தானில் முழு எண் வகுத்தல் எப்போதும் கீழ்ப்பக்கம் இறங்கும் என்பதால் வந்த அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

அந்த அட்டவணையைத் தனிக் கோப்பாக எடுத்து, கைபேசிக்காக ஜாவாவில் எழுதியிருந்த அதே லைப்ரரியின் டெஸ்டும் அதையே படிக்கும்படி வைத்தேன். ஒன்பதில் ஆறு சிவப்பு. அதே சூத்திரம்தான், எழுத்துக்கு எழுத்து. ஜாவாவில் வகுத்தல் பூஜ்யத்தின் பக்கம் வெட்டிவிடும், மைனஸ் 823-க்கு மைனஸ் 820 வரும், திருப்பிக் கொண்டு வந்தவர் ஐந்து சென் குறைவாக வாங்கிக்கொண்டு போவார். வகுத்தல் குறியை எடுத்துவிட்டு மேத் ஃப்ளோர்டிவ் போட்டேன், ஜாவா 8-லிருந்து இருக்கிறது. பத்தொன்பது வரியும் பச்சையானது. அட்டவணையில் அந்த ஒன்பது வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: மாமா கேட்டது.